சீனக் கவசமும் ஐரோப்பியக் கவசமும்: ஒப்பிட்டு எழுதுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு பக்கம் சீன வீரன், மறுபக்கம் ஐரோப்பிய வீரன், நடுவில் ‘எது சிறந்தது?’ என்று ஒரு கேள்வி. இப்படி ஒரு படம் போட்டு நாலு வரி எழுதுவது பத்து நிமிட வேலை. அதைக் கண்காட்சிப் பலகையில் ஒட்டிய பிறகு விஷயம் தெரிந்த ஒருவர் வந்து, “இது எந்த வருடத்துக் கவசம்?” என்று கேட்டால் அங்கேயே மாட்டிக்கொள்வோம். நானும் அப்படி மாட்டியவன்தான்.

அதற்குப் பிறகு இந்த வேலையில் புதிதாக இறங்கிய பலருடைய வரைவுகளைப் படித்துத் திருத்தியிருக்கிறேன். எல்லோரும் எடையையும் அழகையும் முதலில் கையில் எடுக்கிறார்கள். காலத்தையும் சான்றையும் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். தவறு தொடங்குவது அங்கேதான். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்து பாருங்கள், பாதித் திருத்தம் மிச்சமாகும்.

தொடங்குமுன் தேவையானவை

ஒரு அட்டவணை வேண்டும். எட்டுக் கட்டங்கள் போதும்: ஆண்டு, இடம், அணிந்தவரின் தகுதி, எதற்காக அணிந்தது, எந்தச் சான்று, எப்படிக் கட்டியது, எடை, யார் செலவு. ஒவ்வொரு கவசத்துக்கும் ஒரு வரி. எட்டும் நிரம்பாது. நிரம்பாத கட்டத்தைக் காலியாக விடுங்கள், ஊகத்தால் நிரப்பாதீர்கள். பின்னால் அந்தக் காலிக் கட்டங்களே உங்களுக்கு வழி சொல்லும்.

அப்புறம் அருங்காட்சியகங்களின் இணையப் பட்டியல்கள். நியூயார்க் மெட்ரோபாலிடன், லீட்ஸில் உள்ள ராயல் ஆர்மரீஸ், லண்டன் வாலஸ் கலெக்‌ஷன், பாரிஸ் இராணுவ அருங்காட்சியகம் ஆகியவை எனக்கு அதிகம் பயன்பட்டவை. மெட்ரோபாலிடன் தன்னிடமுள்ள, உரிமைக் காலம் முடிந்த பொருள்களின் படங்களை 2017 முதல் யாரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. படத்தைவிட அதன் கீழே இருக்கும் ஆண்டு, பொருள், எடை என்ற மூன்று வரிகள்தான் முக்கியம். அவை இல்லாத படத்தை, எவ்வளவு அழகாக இருந்தாலும், சேர்க்காதீர்கள்.

மூன்றாவதாக, சீன அரச வம்சங்களின் பட்டியலைச் சுவரில் ஒட்டிவையுங்கள்: சின் (கி.மு. 221–206), ஹான் (கி.மு. 206–கி.பி. 220), தாங் (618–907), சோங் (960–1279), மிங் (1368–1644), சிங் (1644–1912). தமிழில் எழுதும்போது ‘சின்’னும் ‘சிங்’கும் ஒரே சொல் போலக் கண்ணை ஏமாற்றும். இரண்டுக்கும் நடுவே 1,800 ஆண்டுகளுக்கு மேல் கிடக்கிறது. சின் பேரரசரின் கல்லறையோடு புதைத்த சுடுமண் வீரர் சிலைகளின் படத்துக்குக் கீழே ‘சிங் காலக் கவசம்’ என்று அச்சாகிவந்த பலகையை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

1. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

‘சீனக் கவசம் உயர்ந்ததா, ஐரோப்பியக் கவசம் உயர்ந்ததா’ என்பதற்கு விடையே கிடையாது. எந்த ஆயுதத்துக்கு எதிராக, யார் காசில், எந்தத் தட்பவெப்பத்தில் என்பது தெரியாமல் ‘உயர்ந்தது’ என்ற சொல்லுக்குப் பொருள் இல்லை.

அதற்குப் பதிலாக விடை கிடைக்கக்கூடிய கேள்வியாக வையுங்கள். ‘இடுப்பு வளைவதற்கு இரு இடத்துக் கொல்லர்களும் என்ன வழி கண்டார்கள்?’ ‘12ஆம் நூற்றாண்டில் காலாள் ஒருவனுக்குக் கவசம் எங்கிருந்து வந்தது?’ இப்படி. கேள்வி சுருங்கினால் தேட வேண்டிய பொருளும் சுருங்கும். இந்தப் படிக்கு அரை மணி நேரம் போதும். அதற்கு மேல் யோசிக்க வேண்டாம். மூன்றாம் படிக்குப் பிறகு எப்படியும் கேள்வியைத் திருத்துவீர்கள்.

2. ஜோடி சேருங்கள்: காலம், தகுதி, வேலை

கவசத்தை ஒண்டியாக எடுத்து ஆராயாதீர்கள், ஜோடியாக எடுங்கள். ஜோடிக்கு மூன்று பொருத்தம் பார்க்க வேண்டும்.

காலப் பொருத்தம்: நூறு ஆண்டுக்குள் இருந்தால் நல்லது. சின் பேரரசின் சுடுமண் வீரனையும் 15ஆம் நூற்றாண்டு மிலான் நகரத் தகட்டுக் கவசத்தையும் பக்கத்தில் வைப்பது அடிக்கடி நடக்கிறது. இரண்டும் அந்தந்தப் பக்கத்தில் அதிகம் பார்த்த படங்கள் என்பதைத் தவிர அவற்றுக்குள் எந்த உறவும் இல்லை. இடைவெளி 1,600 ஆண்டு.

தகுதிப் பொருத்தம்: அரசனுக்கு அரசன், காலாளுக்குக் காலாள். சீனப் பக்கத்தில் சாதாரணப் படைவீரனையும் ஐரோப்பியப் பக்கத்தில் ஒரு பிரபுவையும் நிறுத்திவிட்டு, ‘ஐரோப்பாவில் உடல் முழுக்க இரும்பு, சீனாவில் பாதி உடம்புக்குத்தான்’ என்று முடிவு சொல்பவர்கள் ஏராளம். அதே காலத்து ஐரோப்பியக் காலாள் பலரும் பஞ்சு வைத்துத் தைத்த அங்கியும் இரும்புத் தொப்பியுமாகத்தான் நின்றார்கள்.

வேலைப் பொருத்தம்: இதில்தான் அதிகம் வழுக்குகிறது. ஐரோப்பாவில் போர்க்களக் கவசம் வேறு, குதிரையில் எதிரெதிரே பாய்ந்து ஈட்டியால் மோதும் ஜௌஸ்ட் விளையாட்டுக்கான கவசம் வேறு. விளையாட்டுக் கவசத்தில் நகர வேண்டிய தேவை குறைவு. அதனால் களக் கவசத்தைப் போல இரண்டு மடங்கு வரை கனக்கும். சீனப் பக்கத்தில் போருக்கு அணிந்தது வேறு, பேரரசர் படையைப் பார்வையிடும்போது அணிந்த சடங்குக் கவசம் வேறு. சிங் பேரரசர் சியான்லோங்கின் பளபளக்கும் கவசத்தைப் பார்த்துவிட்டு அதுவே சிங் படையின் உடை என்று எழுதுவது, ஊர்வலத் தேரைப் பார்த்துவிட்டு மாட்டுவண்டியைப் பற்றி எழுதுவது போல.

மூன்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும் ஜோடியைக் கலைத்துவிட்டு வேறு தேடுங்கள். இங்கே சோம்பினால் பிறகு எந்தப் படியும் உதவாது.

3. சான்று எந்த வகை என்று பிரியுங்கள்

ஒரு கவசத்தைப் பற்றி நமக்குத் தெரிவது நான்கு வழிகளில்: மண்ணிலோ கிடங்கிலோ கிடைத்த பொருள், சிலை, ஓவியம், எழுத்து. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதத்தில் ஏமாற்றும்.

சிலையில் தொடங்குவோம். 1974இல் சியான் நகருக்கு அருகே வெளிப்பட்ட சுடுமண் படையின் வீரர்கள் தலைக்கவசம் இல்லாமல் நிற்கிறார்கள். அதைப் பார்த்து ‘சின் வீரர்கள் தலைக்கவசம் அணியாமல் போரிட்டார்கள்’ என்று பலர் எழுதிவிட்டார்கள். 1998இல் அதே கல்லறை வளாகத்தின் இன்னொரு குழியில் சுண்ணாம்புக்கல் துண்டுகளால் செய்த கவசங்கள் கிடைத்தன. கூடவே கல்லால் செய்த தலைக்கவசங்களும். சிலையில் இல்லை என்பதால் படையிலும் இல்லை என்று ஆகிவிடாது.

இனி அடுத்த பொறி. அந்தக் கல் கவசங்களில் மீட்டுக் கோத்த ஒன்றில் 612 கல் துண்டுகள், எடை 18 கிலோ. செப்புக் கம்பியால் கோத்திருந்தார்கள். இந்த எண் கையில் கிடைத்ததும் ‘சின் வீரன் 18 கிலோ கல் கவசம் அணிந்தான்’ என்று எழுதத் தோன்றும். கல்லால் ஆன அந்தக் கவசம் ஒரே அடியில் உடையும். அது இறந்த பேரரசருக்குப் புதைகுழியில் வைத்த படையல். உண்மையான கவசத்தின் வடிவத்தையும் கோக்கும் முறையையும் அதிலிருந்து எடுக்கலாம். எடையை எடுக்கவே கூடாது.

நிறத்திலும் அதே கதை. அந்தச் சிலைகள் இன்று மண் நிறம். செய்தபோது அரக்குப் பூச்சின் மேல் பச்சை, சிவப்பு, ஊதா என்று தீட்டியிருந்தார்கள். தோண்டி எடுத்ததும் காற்றின் வறட்சியில் அரக்கு சில நிமிடங்களில் சுருண்டு, நிறத்தோடு உதிர்ந்துவிட்டது.

கோயில் காவல் தெய்வங்களின் சிலைகள் இன்னும் ஆபத்தானவை. மூன்று முனை கொண்ட தகடுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டது போல ஒரு கவசத்தை அவற்றில் பார்க்கலாம். தொலைக்காட்சித் தொடர்களிலும் விளையாட்டுகளிலும் அதுதான் ‘சீனக் கவசம்’. தாங் அரசு ஆவணம் ஒன்று 13 வகைக் கவசங்களை எண்ணிச் சொல்லும்போது ‘ஷான்வென்’, அதாவது மலை வடிவக் கவசம், என்ற பெயரும் அதில் வருகிறது. ஆனால் சிலையில் காணும் அந்தத் தகடுகளில் ஒன்றுகூட அகழ்வில் கிடைக்கவில்லை. பெயர் ஒரு பக்கம், சிலை ஒரு பக்கம். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டது பிற்காலத்தவர். அட்டவணையில் ‘சிலையில் மட்டும்’ என்று குறித்துக்கொண்டு நகருங்கள்.

ஐரோப்பியப் பக்கம் சுத்தம் என்று எண்ண வேண்டாம். 15ஆம் நூற்றாண்டு ஓவியர் ஏசுவின் கல்லறைக் காவலரை வரைந்தால், அவர்களுக்குத் தன் ஊரில், தன் காலத்தில் பார்த்த கவசத்தையே மாட்டிவிடுவார். அதனால் அந்த ஓவியம் ரோமானியக் கவசத்துக்குச் சான்றாகாது. ஓவியரின் காலத்துக் கவசத்துக்கு நல்ல சான்று. அருங்காட்சியகத்தில் நிற்கும் முழுக் கவசங்களிலும் ஒரு சிக்கல் உண்டு. 19ஆம் நூற்றாண்டு வணிகர்கள் ஒரு கவசத்தின் கையையும் இன்னொன்றின் காலையும் சேர்த்து, குறைந்த இடத்தில் புதிதாக அடித்துப் பொருத்தி விற்றிருக்கிறார்கள். பட்டியல் குறிப்பில் ‘பல கவசங்களின் பகுதிகள் சேர்ந்தது’ என்ற பொருளில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எடைக் கட்டத்தைத் தொடாதீர்கள்.

எழுத்தும் தப்பாது. 1044இல் சோங் அரசுக்காகத் தொகுத்த போர்க்கலை நூலில் கவசப் படங்கள் உண்டு. இன்று நம் கைக்கு வருவது மிங் காலத்து மறுபதிப்புகளின் படங்கள். எழுத்தைச் சோங் என்று கொள்ளலாம். கோட்டுப்படத்தின் நுணுக்கங்களுக்கு அப்படி உறுதி சொல்ல முடியாது. சொல் மட்டுமே மிஞ்சியிருக்கும் இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடமே உதாரணம் உண்டு. பாசறையில் காவல் நிற்கும் யவனரை முல்லைப்பாட்டு ‘மெய்ப்பை புக்க’ என்கிறது. அது கவசமா, வெறும் சட்டையா என்பது அந்தச் சொல்லை மட்டும் வைத்துத் தீராது.

4. கட்டுமானத்தைப் பாருங்கள்

தமிழில் எல்லாவற்றுக்கும் ‘கவசம்’ என்ற ஒரே சொல்தான். அதனால் நீங்களே பிரித்துப் பெயர் வைத்துக்கொண்டு கடைசிவரை மாற்றாமல் பயன்படுத்துங்கள். நான் வைத்திருப்பவை இவை.

சங்கிலிக் கவசம்: இரும்பு வளையங்களைக் கோத்தது. கோர்வைத் தகடு: சிறு தகடுகளின் ஓரத்தில் துளை போட்டு ஒன்றோடொன்று நாடாவால் கட்டியது, பின்னால் துணி தேவையில்லை. செதில் கவசம்: தகடுகளைத் துணி அல்லது தோலின் மேல் வரிசையாகத் தைத்தது. ஆணிக் கவசம்: துணிக்கு உள்பக்கம் இரும்புத் தகடுகளை வைத்து ஆணியடித்தது, வெளியே ஆணித் தலை மட்டும் தெரியும். தகட்டுக் கவசம்: உடலின் வடிவத்துக்கே அடித்த பெரிய தகடுகள்.

புதியவர்கள் அதிகம் குழப்புவது கோர்வையையும் செதிலையும். தூரத்தில் இரண்டும் மீன் செதில் மாதிரிதான் இருக்கும். படத்தைப் பெரிதாக்கித் துளைகளைப் பாருங்கள். தகட்டின் மேல் விளிம்பில் மட்டும் துளை இருந்தால் செதில். பக்கங்களிலும் கீழும் துளை இருந்தால் கோர்வை.

ஒரு சுடுமண் காலாள் சிலையின் நெருக்கப் படத்தை எடுத்துக்கொண்டு பத்து நிமிடம் உட்காருங்கள். மார்புப் பகுதியில் மேல் தகடு கீழ்த் தகட்டின் மேல் படிந்திருக்கும். வயிற்றுக்கு வந்ததும் வரிசை தலைகீழாகிவிடும்: கீழ்த் தகடு மேல் தகட்டை மூடும். காரணம், குனிவது. குனியும்போது வயிற்றுப் பகுதித் தகடுகள் ஒன்றன் பின் ஒன்று மேலே சரிந்து ஏற வேண்டும். அதற்காகவே அங்கே நாடாவைத் தளர்வாக விட்டிருக்கிறார்கள். சிலை செய்தவர் கவசத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் செய்திருக்க வேண்டும்.

இப்போது 15ஆம் நூற்றாண்டு ஐரோப்பியத் தகட்டுக் கவசத்தின் இடுப்பைப் பாருங்கள். மார்புத் தகடு ஒரே இரும்பு, அது வளையாது. அதனால் இடுப்புக்குக் கீழே வளையம் வளையமாகப் பட்டைத் தகடுகள்; உள்ளே தோல் வார்களில் தொங்குகின்றன. தோள், முழங்கை போன்ற இடங்களில் ஆணி போகும் துளையை நீளமாக வெட்டியிருப்பார்கள். தகடு அந்த நீளத்துக்கு முன்னும் பின்னும் நகரும். சீனத்தில் நாடா செய்யும் வேலையை இங்கே வாரும் நகரும் ஆணியும் செய்கின்றன. மேலே ஜோடிக்குக் காலப் பொருத்தம் கேட்டேன். இங்கே நானே மீறுகிறேன். கேள்வி ‘யார் முந்தி’ என்பதாக இல்லாமல் ‘ஒரே சிக்கலுக்கு என்னென்ன வழி’ என்பதாக இருந்தால் இந்த மீறல் செல்லும். மீறியதை வெளிப்படையாக எழுதிவிட வேண்டும், அவ்வளவுதான்.

‘கோர்வை என்றால் சீனா, பெருந்தகடு என்றால் ஐரோப்பா’ என்று கோடு போட்டுவிடாதீர்கள். சுவீடனின் காட்லாண்ட் தீவில் விஸ்பி நகருக்கு வெளியே 1361 ஜூலையில் நடந்த போரில் இறந்தவர்களைக் கவசத்தோடே கூட்டுக் குழிகளில் புதைத்தார்கள். 20ஆம் நூற்றாண்டில் தோண்டியபோது துணிக்குள் தகடு வைத்து ஆணியடித்த கவசங்கள் ஏராளம் கிடைத்தன. கோர்வைத் தகட்டுக் கவசம் ஒன்றும் கிடைத்தது. சங்கிலிக் கவசம் சீனர்களுக்குத் தெரியாததும் அல்ல: தாங் ஆவணத்தின் 13 வகைகளில் அதுவும் ஒன்று. மேற்கிலிருந்து, மத்திய ஆசியா வழியாக வந்தது.

ஆணிக் கவசத்தில் ஒரு தனி எச்சரிக்கை. மிங், சிங் காலத்து வீரன் படத்தைப் பார்த்து ‘சீனர்கள் துணியுடையில்தான் போரிட்டார்கள், பொத்தான் பொத்தானாக அலங்காரம்’ என்று எழுதுவார்கள். அந்தப் ‘பொத்தான்’ ஆணித் தலை, உள்ளே இரும்பு. ஆனால் சிங் ஆட்சியின் பிற்பகுதியில் அணிவகுப்புக்குத் தைத்தவற்றில் ஆணி மட்டும் இருக்கும், உள்ளே தகடு இருக்காது. படத்தில் இரண்டும் ஒன்று போலவே தெரியும். பட்டியல் குறிப்பில் பொருள்கள் வரிசையில் இரும்பு இருக்கிறதா, எடை என்ன என்று பார்த்தால்தான் பிரிக்க முடியும்.

5. எடையை எடுங்கள், அலகைப் பார்த்து

என் பலகை மாட்டிக்கொண்ட இடம் இதுதான். சோங் அரசு 1134இல் காலாட்படைக் கவசத்துக்கு ஒரு வரம்பு வைத்தது: தகடுகள் 1,825, எடை 50 ஜின்னைத் தாண்டக் கூடாது. ஜின் என்பது சீன எடை அலகு. ஒரு ஜின் அரைக் கிலோ என்று ஒரு பயணக் கையேட்டில் படித்தது நினைவில் இருந்ததால் 25 கிலோ என்று எழுதிவிட்டேன். இன்றைய ஜின்தான் 500 கிராம். சோங் ஜின் சுமார் 640 கிராம். அப்படியானால் 32 கிலோ. ஏழு கிலோ தவறு. அதன் மேல் கட்டிய முடிவும் தவறு.

ஹான் காலத்து ஜின் சுமார் 250 கிராம்தான். மிங், சிங் காலங்களில் 600 கிராமை ஒட்டி. அதனால் பழைய எடை எதைப் பார்த்தாலும் முதலில் வம்சம், பிறகு பெருக்கல். பின்னம் ‘லியாங்’கில் வந்தால் பழைய கணக்கில் 16 லியாங் ஒரு ஜின், பத்து என்று நினைத்துப் பெருக்காதீர்கள்.

அடுத்து, எடையில் எது அடங்கியிருக்கிறது என்று பாருங்கள். கி.மு. 113இல் இறந்த ஹான் இளவரசர் லியூ ஷெங்கின் கல்லறையில், 1968இல், சுருட்டி வைத்த இரும்புக் கவசம் துருப்பிடித்த கட்டியாகக் கிடைத்தது. பிரித்துக் கோத்தபோது 2,859 தகடுகள், 16.85 கிலோ. உடல், தோள் கை, இடுப்புக்குக் கீழே தொங்கும் ஓரம், அவ்வளவுதான். ஐரோப்பியக் களக் கவசம் 20 முதல் 25 கிலோ என்று சொல்வது தலையிலிருந்து பாதம் வரை சேர்த்து. இவ்விரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்தால் ‘சீனக் கவசம் இலேசு’ என்றுதான் தோன்றும். உடல் பகுதிக்கு உடல் பகுதியை நிறுத்தினால் அந்த எண்ணம் நிற்காது.

எடை வேலையைப் பொறுத்தும் மாறும். அதே 12ஆம் நூற்றாண்டில் சோங் விதிகள் ஈட்டி பிடிப்பவனுக்குக் கனமான கவசம், வில்லாளிக்கு அதைவிடக் குறைவு, குறுக்குவில்காரனுக்கு இன்னும் குறைவு என்று வைத்தன. முன் வரிசையில் நின்று அடி வாங்குபவனுக்கு இரும்பு, பின்னால் நின்று எய்பவனுக்கு அசைவு. ஆகவே ‘சோங் கவசத்தின் எடை’ என்று ஒற்றை எண் எழுதினால் யாருடையது என்று கேட்பார்கள்.

6. யார் செலவு, யார் சட்டம்

இந்தப் படியைப் பெரும்பாலானோர் தாண்டிப் போகிறார்கள். என்னைக் கேட்டால், வழிகாட்டியில் ஒரே ஒரு படிதான் செய்ய நேரம் உண்டு என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன்.

653இல் உரையோடு வெளியான தாங் சட்டம், ஒருவர் தனிப்பட்ட முறையில் கவசம் ஒன்று வைத்திருந்தால் 2,000 லீ (சீனத் தொலைவு அலகு) தொலைவுக்கு நாடுகடத்தல் என்கிறது. மூன்று வைத்திருந்தால் தூக்கு, அதாவது கயிற்றால் கழுத்தை நெரித்துக் கொல்வது. வாளும் வில்லும் வைத்திருப்பதைவிடக் கவசம் வைத்திருப்பதுதான் அரசுக்கு அச்சம். கவசம் அணிந்த நூறு பேர் கலகம் செய்தால் கதை வேறு. சோங் அரசு 963இல் வெளியிட்ட சட்டத் தொகுப்பு தாங் சட்டத்தைப் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொண்டது.

இங்கிலாந்தில் 1181இல் இரண்டாம் ஹென்றி போட்ட ஆணை நேர் எதிர். ஒரு வீரனைப் பராமரிக்கும் அளவு நிலம் வைத்திருப்பவரிடம் சங்கிலிக் கவசம், தலைக்கவசம், கேடயம், ஈட்டி கட்டாயம் இருக்க வேண்டும். சொத்து குறையக் குறைய அங்கியும் மெலியும். நகரத்துச் சாமானியனுக்குப் பஞ்சங்கி, இரும்புத் தொப்பி, ஈட்டி. அங்கே வைத்திருந்தால் குற்றம், இங்கே வைத்திருக்காவிட்டால் குற்றம்.

இதைத் தெரிந்துகொண்டால் பல கட்டங்களுக்குக் காரணம் தானாகக் கிடைக்கும். சீனக் கவசம் அரசுப் பட்டறையில், எண்ணிக்கை எழுதி, ஒரே அளவாகச் செய்து, அரசுக் கிடங்கில் திரும்ப ஒப்படைப்பது. சிறு தகடுகளைக் கோத்த கவசம் அதற்குத் தோது: உடல் வாகு மாறினால் வரிசை கூட்டலாம், குறைக்கலாம்; தகடு கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். மிலானிலும் ஆக்ஸ்பர்க்கிலும் பணக்காரர் உடம்புக்கு அளவெடுத்துச் செய்த தகட்டுக் கவசத்தை இன்னொருவர் மாட்டினால் பொருந்தாது. அங்கேயும் கூட்டமாக வாங்கிய மலிவான கவசங்கள் உண்டு. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகர ஆயுதக் கிடங்கில் இன்றும் சுமார் 32,000 பொருள்கள் இருக்கின்றன.

ஐரோப்பாவிலிருந்து நூற்றுக்கணக்கில் முழுக் கவசங்கள் பார்க்கக் கிடைக்க, சீனாவிலிருந்து ஏன் இவ்வளவு குறைவு என்பதற்கும் விடை இங்கே பாதி இருக்கிறது. வீட்டில் பரம்பரையாக வைக்க வழியில்லை. நாடா இற்றுப்போனால் கவசம் தகட்டுக் குவியல். எண்ணிக்கையை வைத்துத் தரத்தை அளக்கும் வாக்கியம் உங்கள் வரைவில் இருந்தால் இப்போதே அடித்துவிடுங்கள்.

7. சீருடையைத் தனியாகப் பாருங்கள்

கவசம் என்பது பாதுகாப்பு. சீருடை என்பது ஒரே மாதிரி இருப்பது. இரண்டையும் ஒரே கட்டத்தில் அடைத்தால் குழப்பம்தான். சீருடை இருந்தது என்று எழுதுமுன் ‘துணியைக் கொடுத்தது யார்’ என்று கேளுங்கள்.

ஹூபெய் மாகாணத்தின் ஷுய்ஹூதியில் ஒரு கல்லறையில், போருக்குப் போன சகோதரர்கள் இருவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் மரப்பலகையில் கிடைத்தன. கி.மு. 3ஆம் நூற்றாண்டு, சின் படை. அம்மா, ஊரில் துணி மலிவாக இருந்தால் மெல்லிய உடை தைத்துப் பணத்தோடு அனுப்பு. விலை அதிகம் என்றால் பணம் மட்டும் அனுப்பு, நான் இங்கேயே தைத்துக்கொள்கிறேன் என்கிறார் ஒருவர். சுடுமண் வீரர்கள் கவசத்துக்கு உள்ளே அணிந்த அங்கியின் நிறங்கள் ஆளுக்கு ஆள் மாறுவது இதோடு ஒத்துப்போகிறது. வட இங்கிலாந்தின் விண்டொலாண்டா கோட்டையில் கி.பி. 100ஐ ஒட்டி ரோமானியப் படைவீரர் ஒருவருக்கு வந்த கடிதத்தில் காலுறைகள், இரண்டு ஜோடிச் செருப்பு, இரண்டு உள்ளாடை அனுப்பிய கணக்கு இருக்கிறது. திரைப்படத்தில் இரு படையும் அச்சு வார்த்தது போல நிற்கும். கடிதத்தில் இரண்டும் வீட்டுப் பொட்டலத்தை எதிர்பார்த்து நிற்கின்றன.

நிறத்தால் படை பிரிப்பதில் ஐரோப்பாதான் முதல் என்று எழுதாதீர்கள். இங்கிலாந்து நாடாளுமன்றத்தின் படையான நியூ மாடல் ஆர்மி சிவப்புக் கோட்டு போட்டது 1645இல். மஞ்சூரியத் தலைவர் நுர்ஹாச்சி தன் மக்களை 1601இல் நான்கு கொடிகளாகவும் 1615இல் எட்டாகவும் பிரித்துவிட்டார்: மஞ்சள், வெள்ளை, சிவப்பு, நீலம், ஒவ்வொன்றும் ஓரம் வைத்தும் வைக்காமலும். அதே சமயம், ‘கொடி’ என்பது வெறும் படைப்பிரிவும் இல்லை. குடும்பத்தோடு பதிவாகும் நிர்வாகப் பிரிவு. அதை ‘ரெஜிமென்ட்’ என்று மொழிபெயர்த்தால் பாதி போய்விடும்.

மார்பில் சதுரமாகத் தைத்த விலங்குப் படத்தைப் பற்றியும் ஒரு சொல். 1391இல் மிங் அரசு கொண்டுவந்த இந்தச் சதுரத்தில் குடிமை அதிகாரிக்குப் பறவை, படை அதிகாரிக்கு விலங்கு. அது அரசவை உடுப்பு. அதைப் பிரிட்டிஷ் அதிகாரியின் களச் சீருடைக்குப் பக்கத்தில் நிறுத்தினால் வேலைப் பொருத்தம் அடிபடும்.

பயிற்சிக்கு நான் எப்போதும் கொடுக்கும் காட்சி 1841 மே 30, குவாங்சோவுக்கு வெளியே சான்யுவான்லி. முதல் அபினிப் போர். பிரிட்டிஷ் பக்கத்தில் 37ஆவது மெட்ராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரியின் ஒரு கம்பெனி, நம் பக்கத்துச் சிப்பாய்கள், கொட்டும் மழையில் வயல்வெளியில் வழி தவறிச் சூழப்பட்டார்கள். கையில் இருந்தது சிக்கிமுக்கித் துப்பாக்கி. மருந்து நனைந்து சுடவில்லை. மழையிலும் சுடக்கூடிய புதுவகைத் துப்பாக்கியோடு கடற்படை வீரர்கள் தேடி வந்து மீட்டார்கள். இதை வைத்து ‘சிவப்புக் கோட்டும் சிங் சீருடையும்’ என்று ஒப்பிட உட்காருபவர்களுக்கு இரண்டு பொறி. எதிரே நின்றவர்கள் பெரும்பாலும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள், சிங் படையினர் அல்லர். சூழப்பட்ட சிவப்புக் கோட்டுக்காரர்களும், சில அதிகாரிகளைத் தவிர, பிரிட்டனிலிருந்து வந்தவர்கள் அல்லர். ‘அணிந்தவரின் தகுதி’ கட்டத்தை நிரப்பாமல் இந்த வரியைத் தாண்ட முடியாது.

8. படவிளக்கத்தை முதலில் எழுதுங்கள், கட்டுரையைப் பிறகு

கட்டுரையில் வாக்கியங்கள் வழுக்கிக்கொண்டு போகும். படவிளக்கத்தில் ஒளிய இடமில்லை. ஒவ்வொரு வரிக்கும் ஆண்டு, இடம், அணிந்தவர், கட்டுமானம், சான்று, எடை, செலவு என்ற வரிசையில் எழுதுங்கள். என் பலகையின் திருத்திய ஜோடி இப்படி இருக்கிறது.

‘1134, சோங் சீனா. காலாட்படை வீரன். கோர்வைத் தகடு, 1,825 தகடுகள். சான்று: அரசு விதி, பொருள் அல்ல. எடை வரம்பு 50 சோங் ஜின், சுமார் 32 கிலோ. அரசுச் செலவு.’

‘1181, இங்கிலாந்து. நகரத்துச் சாமானியன். பஞ்சங்கி, இரும்புத் தொப்பி, ஈட்டி. சான்று: அரசாணை, பொருள் அல்ல. எடை: சொல்லப்படவில்லை. சொந்தச் செலவு.’

இரண்டாவது வரியின் எடைக் கட்டத்தை வேறு நாட்டு அருங்காட்சியகத்தில் உள்ள, 300 ஆண்டு பிந்திய பஞ்சங்கியின் எடையை எடுத்து நிரப்பச் சொல்லி எனக்கு இதுவரை மூன்று பேர் ஆலோசனை சொல்லியிருக்கிறார்கள். கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.